போர் நேரத்தில் ஒரு பிரசவம்: முகாமுக்கு முதலில் போகவேண்டியது என்ன?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள சமூக மன்றத்தில் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து துணிப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தோம். போரில் வீட்டை விட்டுக் கிளம்பிக் கூடாரத்தில் இருக்கும் பெண்களுக்கான பைகள். சானிட்டரி பேட், உள்ளாடை, சோப்பு, சீப்பு, சின்ன டார்ச், கடைசியாக ஒரு விசில். பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண் விசிலைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, இது தப்பா வந்துடுச்சா? பிள்ளைங்க பையில போடவேண்டியதா?"

இல்லைம்மா, அது பெண்களுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஆறு பால்மாவு டின்களோடு வந்து நின்றார். இதை வாங்கிக்கொள்ள முடியாது என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு பேருக்கும் நின்றுகொண்டே விளக்கிப் பார்த்தேன். எனக்கே திருப்தியாக இல்லை. நான் மகப்பேற்றுப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறவள். இந்த விஷயத்தில் ஒரு பயிற்சி வகுப்பும் முடித்திருக்கிறேன். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இந்தத் துறையின் பெயர். 'இனப்பெருக்க ஆரோக்கியம்' என்றால் நம்மில் பலருக்குக் குடும்பக் கட்டுப்பாடுதான் ஞாபகம் வரும். அது ஒரு பகுதிதான். மாதவிடாய், கர்ப்பம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு, கருச்சிதைவு, கருத்தடை, ஹெச்ஐவி உள்ளிட்ட பால்வினை நோய்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கான சிகிச்சை எல்லாம் இதில் அடக்கம். சாதாரண நாளில் இவற்றுக்கு ஒரு பாலிகிளினிக், ஒரு மருந்துக்கடை, ஓர் ஆஸ்பத்திரி, ஆலோசனை சொல்ல ஓர் அம்மாவோ மாமியாரோ இருப்பார்கள். போர் இந்த நான்கையும் ஒரே இரவில் பறித்துவிடும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது தெரியாது. நாள் வந்தால் அது வந்துவிடும்.

எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார். கல்யாணமாகி வந்து இங்கேயே தங்கிவிட்ட அக்கா ஒருவரின் பின்னால், பிள்ளைகளோடு பிறகு வந்து சேர்ந்தவர். பை நிரப்புவதில் அவர் கை மற்றவர்களைவிட வேகம். விசில் பேச்சு வந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"அது ஒக்டோபர் முப்பதாம் திகதி, பிள்ளை. தொண்ணூற்றைஞ்சு. எல்லாரும் வெளிக்கிடுங்கோ எண்டு ஸ்பீக்கரில அறிவிச்சவை. நாவற்குழிப் பாலத்தில ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். மழை வேற. எனக்கு ஒன்பதாம் மாசம்."

1995இல் இலங்கைப் போரின்போது யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இடப்பெயர்வைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நிறைமாதம் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. ஆன்ட்டிக்கு நாலாம் நாள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வலி எடுத்தது. வாங்குகளைத் தள்ளிவைத்து, சேலையைத் திரையாகக் கட்டி, பக்கத்து வகுப்பறையில் தங்கியிருந்த வயதான மருத்துவிச்சி ஒருவர் பிரசவம் பார்த்திருக்கிறார். "அந்த மனிசி முதல்ல செய்த வேலை, ஒரு பெடியனைக் கடைக்கு விட்டு புது பிளேட் எடுப்பிச்சது." மூத்தவருக்கு இப்போது முப்பது வயது.

அந்தப் புது பிளேடுதான் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம்.

தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியாலோ பழைய பிளேடாலோ அறுத்தால் பிள்ளைக்கு ரணஜன்னி வரலாம். டெட்டனஸ் என்றால் எல்லாருக்கும் புரியும். வந்தால் பிழைப்பது கடினம். வராமல் தடுக்கவோ சில காசு போதும். அதனால்தான் முகாம்களில் கண்ணுக்குத் தெரியும்படி வயிறு பெருத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சின்னப் பொதி கொடுக்கிறார்கள். சுத்தமான பிரசவப் பொதி என்று சொல்லலாம். விரித்துப் படுக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு, கையுறை, உறை பிரிக்காத பிளேடு, கொடியைக் கட்ட நூல், பிள்ளையைத் துடைத்துப் பொத்தப் பருத்தித் துணி, எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி படம் போட்ட ஒரு தாள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தால் போகத்தான் வேண்டும். வழி அடைபட்டுவிட்டால், விடிய இன்னும் நேரமிருந்தால், அப்போது பிரிப்பதற்கு இது.

எத்தனை பொதி வேண்டும்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதில் இருக்கும் கணக்கு. யார் எங்கிருந்து ஓடி வந்தார்கள் என்று ஒன்றுமே தெரியாத முதல் நாளிலும் ஒரு மதிப்பீடு போடலாம். பத்தாயிரம் பேர் ஒரு வெளியில் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 2,500 பேர், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள். பிறப்பு விகிதம் 4 சதவீதம் என்று எடுத்தால் ஆண்டுக்கு 400 பிரசவம். மூன்று மாதத்துக்கு நூறு. அந்த நூறில் 15 பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வரும். 5 முதல் 15 பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். அப்படியென்றால் பொதி நூறு, சிக்கலைச் சமாளிக்கத் தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்று, அங்கே கொண்டுபோக ராத்திரியும் ஓடும் வண்டி ஒன்று. ஐநா மக்கள்தொகை நிதியம் தன் மருந்துப் பெட்டிகளை இந்தக் கணக்கில்தான் அடுக்கிவைத்திருக்கிறது: முகாம் அளவிலான பெட்டிகள் பத்தாயிரம் பேருக்கு மூன்று மாதம் வரும்படியும், பெரிய ஆஸ்பத்திரிக்கானவை ஒன்றரை லட்சம் பேருக்கு வரும்படியும்.

4 சதவீதம் என்பது ஒன்றும் தெரியாதபோது போடும் எண். நாட்டின் உண்மையான விகிதம் கிடைத்ததும் திருத்திக்கொள்ள வேண்டும். 2009 மே மாதம் வன்னிப் போர் முடிந்தபோது மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் முகாம்களில் அடைபட்டார்கள். பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாமில். பொதுவிதிப்படி போட்டால் மாதம் ஆயிரம் பிரசவம். இலங்கையின் பிறப்பு விகிதம் அதில் பாதிதான் என்பதால் ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியும் நாளுக்குப் பதினாறு, பதினேழு.

நமக்கு இது சின்ன எண்ணாகத் தெரியலாம். இங்கே சிங்கப்பூரில், கேகே மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 பிள்ளைகள் பிறந்தார்கள். நாளுக்குச் சராசரி 109. கின்னஸில் ஏறிய எண் அது. ஆனால் அங்கே ஓடும் தண்ணீரும் மின்சாரமும் இரத்த வங்கியும் இருந்தன. கூடாரத்தில் நாளுக்குப் பதினேழு என்பது வேறு.

சிக்கல் என்று சொன்னேனே, அதில் பெரியது பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு. எங்கள் வார்டில் இது நடந்தால் யாரும் கத்தமாட்டோம். ஆனால் எல்லாருடைய நடையும் மாறிவிடும். ஆக்ஸிடோசின் ஊசி போடுவோம், வயிற்றைப் பிடித்துத் தேய்ப்போம், இரத்த வங்கியிலிருந்து இரத்தம் வரவழைப்போம். அந்த ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் தகரக் கொட்டகைக்குள் குளிர்பெட்டி ஓடாவிட்டால் ஊசி வெறும் தண்ணீர் மாதிரிதான். அதனால் குளிர் தேவைப்படாத மிசோப்ரோஸ்டால் மாத்திரையையும் கையிருப்பில் வைப்பார்கள். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் தாய்க்கு மெக்னீசியம் சல்ஃபேட். இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை, விலையும் பெரிதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023இல் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்தார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போரும் குழப்பமும் உள்ள நாடுகளில். மருந்து உலகத்தில் இருக்கிறது, அந்த அறையில் இல்லை.

ஏன் அந்த அறைக்கு வந்து சேர்வதில்லை என்பதை விளக்க மருத்துவர்கள் 'மூன்று தாமதம்' என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். சிங்கப்பூரில் 995ஐ அழைத்தால் இரண்டாவது அநேகமாகத் தீர்ந்துவிடும். போர்க்களத்தில் இரண்டாவதுதான் கொல்லும். 2009இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோனது, தரைவழி இல்லை. கப்பல் வராத நாளில் வலி எடுத்தவள் என்ன செய்திருப்பாள்? 2023 அக்டோபரில் காஸாவில் சுமார் 50,000 பெண்கள் கர்ப்பமாக இருப்பதாகவும் அடுத்த ஒரு மாதத்தில் 5,500 பேருக்குப் பிரசவம் ஆகும் என்றும் ஐநா மக்கள்தொகை நிதியம் சொன்னது. இதுவும் நான் மேலே சொன்னது மாதிரியான மதிப்பீட்டுக் கணக்குதான். கணக்குப் போடத் தெரிந்தால் போதாது, சாலை திறந்திருக்க வேண்டும்.

இதை எப்போது யோசிக்க ஆரம்பித்தார்கள்?

ரொம்ப காலத்துக்கு முகாம் என்றால் சோறு, தண்ணீர், காலரா, அம்மை ஊசி, இவ்வளவுதான். பெண்களுக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. 1990களில் போஸ்னியாவும் ருவாண்டாவும் அந்த மௌனத்தை உடைத்தன. 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாடு, அகதிப் பெண்களுக்கும் இந்தச் சேவை உரிமை என்று ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே பல அமைப்புகள் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்தன. அதிலிருந்து பிறந்ததுதான் 'குறைந்தபட்ச ஆரம்பச் சேவைத் தொகுப்பு'. இந்த வேலையில் இருப்பவர்கள் சுருக்கமாக 'மிஸ்ப்' என்பார்கள். நெருக்கடி தொடங்கி முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்பது அதன் விதி. யாரையும் கணக்கெடுத்து, ஆய்வு செய்து, அறிக்கை எழுதிய பிறகு என்று காத்திருக்கக் கூடாது. கணக்கெடுப்பு முடிவதற்குள் நாலு பிள்ளை பிறந்துவிடும்.

அதில் என்ன இருக்கிறது? பொறுப்பேற்க ஒரே ஓர் அமைப்பு. இல்லாவிட்டால் ஐந்து பேர் சோப்பு கொண்டுவருவார்கள், ஒருவரும் இரத்தம் கொண்டுவர மாட்டார்கள். பாதுகாப்பான பிரசவம் பற்றிச் சொல்லிவிட்டேன். ஹெச்ஐவி பரவாமல் தடுப்பது, ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது நிற்காமல் பார்ப்பது. வேண்டாத கர்ப்பத்தைத் தடுப்பது. சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்குப் பாதுகாப்பான கருக்கலைப்பு. பாலியல் வன்முறையைத் தடுப்பது, நடந்துவிட்டால் சிகிச்சை. பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முழுமையான சேவைக்கு மாறுவது.

கருத்தடை என்றதும், "உயிர் பிழைக்க ஓடும்போது இதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?" என்று எங்கள் மன்றத்திலும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் தலைகீழாகக் கேட்கிறார். குண்டு விழும்போது யாரும் மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. மூன்று மாத ஊசி போடுகிறவளுக்கு அடுத்த ஊசி நாள் முகாமில்தான் வரும். கணவனோடுதான் இருக்கிறாள், இருக்கும் இரண்டு பிள்ளைக்கே பால் இல்லை. அவளிடம் போய் இது முதல் தேவையா என்று கேட்டால் ஆமாம் என்பாள். 2018 திருத்தத்தில்தான் இதைத் தனிக் குறிக்கோளாகவே சேர்த்தார்கள். கொஞ்சம் தாமதம்தான் என்பது என் எண்ணம்.

இப்போது விசிலுக்கு வருகிறேன். முகாமில் கழிப்பறை எங்கே இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் உண்டா, வழியில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் பொறியாளர் பாடு என்று நினைப்போம். ஆனால் ராத்திரி இருட்டில் தூரமாக நடந்துபோக வேண்டிய கழிப்பறை ஆபத்தான இடம். விறகு பொறுக்கப் போகும் காடும் அப்படித்தான். சூடானின் டார்ஃபூரில் பெண்கள் விறகுக்குப் போய்த் தாக்கப்பட்டது உலகத்துக்கே தெரியும். பயந்துகொண்டு சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. கர்ப்பிணிக்கு அது இன்னும் கேடு. ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்றால் பெண்களுக்கு மூன்று, உள்பக்கத் தாழ்ப்பாளோடு, என்பது மனிதாபிமான உதவிக்கான சர்வதேச அளவுகோல். அது அமையும்வரை டார்ச்சும் விசிலும்.

விசிலும் உதவாமல் பாலியல் வன்முறை நடந்துவிட்டால் மணி நேரம்தான் எல்லாம். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை 120 மணி நேரம்வரை. முந்தினால் முந்தின அளவுக்கு நல்லது. மற்ற பால்வினை நோய்களுக்கு ஆன்டிபயாடிக், கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு. முதலில் போலீஸில் சொல்லிவிட்டு வா என்று சிகிச்சைக்கு நிபந்தனை போடக் கூடாது. இதில் நம் ஆட்களுக்கு நன்றாகப் புரியும் ஒரு நுணுக்கம்: பாலியல் வன்முறைக்கான கூடாரம் என்று தனியாகப் பலகை மாட்டினால் அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் வரமாட்டாள். ஊர் வாய் இருக்கிறதே. அதனால் காய்ச்சல், தலைவலிக்கு எல்லாரும் போகும் அதே கிளினிக்கின் ஓர் உள் அறையில் இதை வைப்பார்கள். யார் எதற்கு வந்தாள் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியக் கூடாது.

அதே மாதிரி பேச்சும். பல வருடத்துக்கு முன்பு எங்கள் வார்டில் ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இளம் மருத்துவர் ஒருவர் கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டார். "மூணு மாசமா முழுகாம இருக்கேன்" என்றாள். உதவிக்கு வந்த பையன், தமிழ்ப் பையன்தான், இவர் மூன்று மாதமாகக் குளிக்கவில்லை என்று மொழிபெயர்த்தான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குத் தூரம், தலைக்குக் குளித்தல், துடக்கு, வெள்ளைபடுதல் என்று நம் பெண்கள் சுற்றி வளைத்துச் சொல்லும் ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு முக்கியமான குறிப்பு. முகாமில் மருத்துவருக்கு ஒரு மொழி, காவலுக்கு நிற்பவருக்கு ஒரு மொழி, அவளுக்கு ஒரு மொழி. மொழி தெரிந்த ஒரு பெண், அதுவும் ஒரு பெண், பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் தலைவலி என்று சொல்லி பனடோல் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

பால்மாவு டின்னை ஏன் திருப்பினேன்

அவர் மனம் புண்பட்டதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் பால்மாவைக் கரைக்கக் கொதித்த தண்ணீர் வேண்டும், புட்டியை அவிக்க வேண்டும், டின் தீர்ந்தால் அடுத்த டின் வேண்டும். மூன்றும் கூடாரத்தில் இல்லை. நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2006இல் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு நன்கொடைப் பால்மாவு தாராளமாக வந்து இறங்கியது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, அதை வாங்கிய குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அது போர் இல்லைதான். ஆனால் கூடாரம் கூடாரம்தான். ஒருமுறை புட்டிக்குப் பழகினால் தாய்ப்பாலும் குறைந்துபோகும். அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பால் இறங்குவது கொஞ்ச நேரம் தடைபடலாம். பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டே இருந்தால் திரும்பி வரும். தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் மறைவாக உட்கார ஓர் இடமும் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. தாயில்லாத பிள்ளைகளுக்குப் பால்மாவு வேண்டும், உண்மை. அதை மருத்துவக் குழு அளந்து வாங்கி, சுத்தமாகக் கரைக்க வழிசெய்து கொடுக்கும். நாம் டின்னாக அனுப்பக் கூடாது. சர்வதேச வழிகாட்டுதலும் அப்படி நன்கொடையாக வருவதை ஏற்காதீர்கள் என்றுதான் சொல்கிறது.

அப்படியென்றால் இங்கிருந்து என்ன செய்வது? 1951 அகதிகள் உடன்படிக்கையில் சிங்கப்பூர் கையெழுத்திடவில்லை. ஆனால் முகாம் என்பது இந்தத் தீவு பார்க்காத ஒன்றும் இல்லை. செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் ரோட்டில் 1978 முதல் 1996 வரை வியட்நாமிலிருந்து படகில் வந்தவர்களுக்கான முகாம் இருந்தது. 32,000க்கும் மேற்பட்டோர் வேறு நாடுகளுக்குப் போகும்வரை அங்கே தங்கிப் போனார்கள். இப்போது நம்மால் ஆவது பெரும்பாலும் பணம். அந்தப் பணம் அந்தப் பகுதியிலேயே பொருள் வாங்கும். கப்பல் செலவு மிச்சம், பெண்களுக்குப் பழக்கமான துணி, பழக்கமான அளவில் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அனுமதி வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எண்ணைப் போட்டு வசூல் ஆரம்பித்துவிடாதீர்கள். செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி அனுமதியுள்ள இடத்தில் கொடுத்துவிடலாம். எங்கள் பைகளும் ஓர் அமைப்பு கேட்ட பட்டியலின்படி, கேட்ட எண்ணிக்கையில் மட்டும் நிரப்பியவை. பால்மாவு அவர்கள் பட்டியலில் இல்லை. அந்த ஆறு டின்னை அவரே உணவு வங்கிக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லி எடுத்துப்போனார்.

சாயங்காலம் மூட்டைகளைக் கட்டி முடித்தபின், பயிற்சி வகுப்பில் எனக்குக் கிடைத்த மாதிரிப் பிரசவப் பொதியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் பிரித்துக் காட்டினேன். பாலிடெக்னிக் பெண் படம் போட்ட தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்து ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரிப்பைத் தடவிப் பார்த்தார், பிளேடின் உறை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், நூலை எடுத்து எண்ணினார்.

"ரெண்டு கிடக்கு. ஓம், ரெண்டு வேணும். ரெண்டு இடத்தில கட்டிப்போட்டு நடுவில வெட்டோணும்." நூலைத் திரும்ப உறைக்குள் மடித்து வைத்தார். "எனக்கு அண்டைக்குப் பாவாடை நாடாவைத்தான் சுடுதண்ணியில அவிச்சுப்போட்டுக் கட்டினவ."